பொழுதுபோக்குத் தச்சுவேலைக்கு எந்த இலவச மென்பொருள்? பலகைத் தடிமனை வைத்து ஒரு மதிப்பீடு

பலகைக் கடையில் 18 மி.மீ. என்று கேட்டு வாங்கும் பிளைவுட்டை வெர்னியர் காலிப்பரால் அளந்து பார்த்தால், பெரும்பாலும் அது முழு 18 மி.மீ. இருப்பதில்லை, அரை மில்லிமீட்டரோ அதற்கும் சற்று அதிகமாகவோ குறைந்திருக்கும். அனுபவமுள்ள ஆசாரி இதைப் பலகையைக் கையில் எடுத்ததுமே உணர்ந்து, அடுத்த பலகையை அதற்கேற்ப அறுத்துவிடுவார். கணினியில் வரைந்து, எல்லாப் பலகைகளையும் ஒரே நாளில் கடையிலேயே அறுத்து வாங்கிவரும் பொழுதுபோக்காளருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஒரு வடிவமைப்பு மென்பொருள் தச்சுவேலைக்குத் தகுதியானதா என்பதை அதன் திரை அழகை வைத்தோ அதிலுள்ள கருவிகளின் எண்ணிக்கையை வைத்தோ நான் முடிவு செய்வதில்லை. முழுப்பொருளையும் வரைந்து முடித்தபின் பலகையின் தடிமன் 18 அல்ல, 17.2 என்று தெரியவந்தால், அதைத் திருத்த எவ்வளவு வேலை பிடிக்கிறது என்பதையே உரைகல்லாகக் கொள்கிறேன்.

இந்த மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது ஒரு சிறிய புத்தக அலமாரி. அகலம் 600, உயரம் 900, ஆழம் 300 மி.மீ.; இரண்டு பக்கப் பலகைகள், அவற்றுக்கிடையே நான்கு கிடைப் பலகைகள், அடித்தட்டில் ஓர் இழுப்பறை, முதுகுக்கு 6 மி.மீ. பிளைவுட். தடிமன் 18 என்றால் கிடைப் பலகையின் நீளம் 564, தடிமன் 17.2 என்றால் அதே நீளம் 565.6. இழுப்பறை ஓடும் உலோகத் தடமான சேனலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம், அதாவது நான்கு நூல், விட வேண்டும் என்பதால் பெட்டியின் வெளியகலம் 538.6-இலிருந்து 540.2 ஆக மாறுகிறது. சேனல் இவ்வளவு பிசகைத் தாங்காது. இடையில் வாஷர் வைத்துச் சரிக்கட்டினால்தான் இழுப்பறை தடையின்றி ஓடும்.

முதலில் ஸ்கெட்ச்அப். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்து, 2006-இல் கூகுளிடமும் 2012-இல் டிரிம்பிள் நிறுவனத்திடமும் சென்ற இந்த மென்பொருளைத்தான் உலகெங்கும் பொழுதுபோக்குத் தச்சர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். அதற்கு நியாயமான காரணம் உண்டு. ஒரு செவ்வகத்தை வரைந்து, அளவை விசைப்பலகையில் தட்டி, புஷ்-புல் கருவியால் மேலே இழுத்து 18 என்று தட்டினால் பலகை தயார். முப்பரிமாண வரைவை இதுவரை தொட்டே பார்க்காதவர்கூட ஒரு மாலைப் பொழுதில் அலமாரியின் உருவத்தைத் திரையில் சுழற்றிப் பார்த்துவிடலாம். மி.மீ. வார்ப்புருவில் இருக்கும்போதே அங்குலத்தில் தட்டினாலும் அதுவே மாற்றிக்கொள்ளும் என்பது, நூல் கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும் கலந்து புழங்கும் நம் பட்டறைகளுக்கு உண்மையிலேயே பெரிய உதவி.

இதைக் கையாளும்போது கட்டாயம் பழக வேண்டிய ஒழுக்கம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பலகையையும் வரைந்த உடனேயே அதைக் காம்பொனென்ட், அதாவது தனி உறுப்பு, ஆக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றையொன்று தொடும் பலகைகள் ஒட்டிக்கொண்டு ஒரே உருவமாகிவிடும். பிறகு ஒன்றை நகர்த்தினால் மற்றொன்றும் இழுபட்டுக் கோணலாகும். காம்பொனென்ட் ஆக்கிவிட்டால், ஒரு தட்டில் செய்யும் மாற்றம் அதன் நகல்கள் அனைத்திலும் தானே வந்துவிடுகிறது.

ஆனால் தடிமன் சோதனையில் ஸ்கெட்ச்அப் பாதிவழியில் நின்றுவிடுகிறது. பக்கப் பலகையின் உள்முகத்தை 0.8 மி.மீ. உள்ளே தள்ளி 17.2 ஆக்கினால் பலகை மெலிகிறது, நகலும் மெலிகிறது. ஆனால் கிடைப் பலகைகள் பழைய 564-லேயே நிற்கின்றன. அவற்றுக்கும் பக்கப் பலகைக்கும் இடையே இருபுறமும் 0.8 மி.மீ. சந்து விழுகிறது. திரையில் அது ஒரு மெல்லிய கோடு போலத் தெரியுமே தவிர, மென்பொருள் அதைத் தவறென்று சொல்லாது. ஒவ்வொரு பலகையாகத் தேடித் திருத்துவது நம் பொறுப்பு. அலமாரி ஒன்றுக்கு இது தாங்கக்கூடிய வேலைதான். சமையலறை முழுவதற்கும் பெட்டிகள் வரைபவருக்கு அப்படியல்ல.

மற்றொரு குறை, கணினிக்கு இன்று இலவசமாகக் கிடைப்பது உலாவியில் இயங்கும் பதிப்பு மட்டுமே என்பது. கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவசப் பதிப்பான ஸ்கெட்ச்அப் மேக் 2017-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. உலாவிப் பதிப்பில் எக்ஸ்டென்ஷன்களை, அதாவது கூடுதல் வசதி தரும் சிறு நிரல்களை, சேர்க்க முடியாது. அதனால், மாதிரியிலிருந்து பலகைப் பட்டியலையும் அறுப்பு வரைபடத்தையும் எடுத்துத் தரும் ஓப்பன்கட்லிஸ்ட் என்ற அருமையான இலவச எக்ஸ்டென்ஷன், அதை மிகவும் வேண்டிநிற்கும் இலவசப் பயனாளருக்கு எட்டாமல் போகிறது. பழைய மேக் 2017 ஏற்கெனவே கணினியில் இருப்பவர்கள் அதை அழித்துவிட வேண்டாம். அதில் இந்த எக்ஸ்டென்ஷன் இயங்கும்.

அடுத்தது ஃப்ரீகேட். 2002-இல் தொடங்கி, தன்னார்வலர்கள் கட்டியெழுப்பிய திறமூல மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. 1.0 என்ற எண்ணை இது எட்டியதே 2024 நவம்பரில்தான். முதல் நாளில் இது யாரையும் கவராது. வொர்க்பெஞ்ச் என்று பல பிரிவுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கருவிகள், எதை எங்கே தேடுவது என்ற திகைப்பு. இருந்தும் நான் முதலிடம் தருவது இதற்கே.

காரணம் அதன் விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்). ஒரு கட்டத்தில் 18 மி.மீ. என்று எழுதி, அந்தக் கட்டத்துக்குத் தடிமன் என்று பொருள்படும் ஒரு பெயரைச் சூட்டிவிடலாம். அப்படியே மொத்த அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, சேனல் இடைவெளிக்கு ஒன்று. பிறகு பார்ட் வொர்க்பெஞ்சில் ஒரு கனசெவ்வகத்தை உருவாக்கி, அதன் நீளத்துக்கான இடத்தில் எண்ணைத் தட்டாமல், ஓரத்திலுள்ள சின்ன எஃப்எக்ஸ் குறியைச் சொடுக்கி, மொத்த அகலத்தில் இரண்டு தடிமனைக் கழி என்று வாய்பாடாக எழுதுகிறோம். இங்கே பலரும் தவறவிடுவது, பலகை இருக்கும் இடத்துக்கும் இதேபோல வாய்பாடு கொடுக்க வேண்டும் என்பதை. வலது பக்கப் பலகை தொடங்கும் இடம் மொத்த அகலத்தில் ஒரு தடிமன் குறைவு என்று எழுதாவிட்டால், தடிமன் மாறும்போது பலகை மெலியும், ஆனால் இருந்த இடத்திலேயே நிற்கும். இதை முறையாகச் செய்தபின் விரிதாளில் 18-ஐ அழித்து 17.2 என்று எழுதியதும் கிடைப் பலகைகள் 565.6-க்கு நீள்கின்றன, இழுப்பறைப் பெட்டி 540.2-க்கு விரிகிறது. நான் வேறெதையும் தொடவில்லை.

ஃப்ரீகேட்டைப் பற்றிப் பல்லாண்டாக இருந்துவந்த பெரிய குறை, வரைவின் தொடக்கத்தில் ஒன்றை மாற்றினால் உருவத்தின் முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் உள்ளே வழங்கப்பட்ட எண்கள் இடம்மாறி, அவற்றைப் பற்றிக்கொண்டிருந்த துளைகளும் காடிகளும் (பலகையில் வெட்டும் நீளப் பள்ளங்கள்) வேறிடத்துக்குத் தாவிவிடும் என்பது. 1.0 பதிப்பில் இது பெருமளவு சீராகியிருக்கிறது. மரவேலைக்காரர் இந்தச் சிக்கலை முழுவதுமாகவே தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து. நம் பொருள்களில் பெரும்பாலானவை செவ்வகப் பலகைகள். கனசெவ்வகங்களையும் வாய்பாடுகளையும் மட்டும் கொண்டு வரைந்து, காடியையும் துளையையும் ஓர் உருவத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்கும் முறையில் வெட்டினால், எந்த முகத்தையும் பற்ற வேண்டிய தேவையே எழாது. கடைசல் வேலையும் வளைந்த நாற்காலிக் கால்களும் வரும்போதுதான் ஸ்கெட்சர், பார்ட் டிசைன் என்ற வொர்க்பெஞ்சுகளின் பக்கம் போக வேண்டியிருக்கும். ஆட்-ஆன் மேனேஜர் வழியாக வுட்வொர்க்கிங் என்ற தனி வொர்க்பெஞ்சையும் சேர்த்துக்கொள்ளலாம். பலகைகளின் அளவுப் பட்டியலை அதுவே விரிதாளாக எடுத்துத் தருகிறது.

மூன்றாவதான, ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃபியூஷன் இவ்விரண்டையும்விட மெருகானது என்பதில் ஐயமில்லை. அளவுகளைப் பெயரிட்டு வைக்கும் பாராமீட்டர் பட்டியலில் தடிமனை மாற்றினால் எல்லாம் மாறுகிறது. பலகைகளை இணைத்து இழுப்பறையை இழுத்து மூடியும் பார்க்கலாம். தொழில்நுட்பத் தகுதியில் இந்தச் சோதனையை மிக இலகுவாகத் தேறியது அதுதான். ஆனால் தனிநபர் உரிமத்தில் ஒரே சமயத்தில் திருத்தக்கூடிய கோப்புகள் பத்து மட்டுமே, வரைபடத்தில் ஒரு தாள்தான் அனுமதி, கோப்புகள் நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கும், லினக்ஸில் இயங்காது. 2020-இல் இந்த இலவச உரிமத்தின் வசதிகள் பல ஒரே அறிவிப்பில் குறைக்கப்பட்டன. பத்தாண்டுகள் கழித்து அதே அலமாரிக்கு ஒரு துணை செய்ய விரும்பும் தச்சர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். உலாவியிலேயே இயங்கும் ஆன்ஷேப்பும் நல்ல மென்பொருள்தான். இலவசக் கணக்கில் வரைவன எல்லாம் மற்றவர் பார்வைக்குத் திறந்திருக்கும் என்பதை ஏற்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அறுப்புக்கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. எட்டுக்கு நாலு பலகை என்பது 2440-க்கு 1220 மி.மீ.; ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் ஏறத்தாழ 3 மி.மீ. மரத்தைத் தின்னும். நான்கு துண்டுகளைச் சரியாக 305 என்று போட்டுவைத்தால் கடைசித் துண்டு நிச்சயம் குறையும். நம் அலமாரியின் ஆழத்தை 300 என்று வைத்ததே இதற்காகத்தான்: நான்கு துண்டுகளும் மூன்று அறுப்புகளும் சேர்ந்து 1209-இல் முடிந்துவிடுகின்றன.

ஒரே ஒரு மேசையோ அலமாரியோ செய்ய நினைப்பவருக்கு ஸ்கெட்ச்அப் போதும். பலகையை முதலில் வாங்கி அளந்துவிட்டு, அந்த உண்மையான தடிமனிலேயே வரையத் தொடங்கினால் அதன் குறை பெரிதாகத் தெரியாது. வீட்டுக்கான பொருள்களைத் தொடர்ந்து செய்யவிருப்பவர் சில வாரங்களை ஃப்ரீகேட்டுக்குச் செலவிடலாம் என்று உறுதியாகச் சொல்வேன். உரிமத்தையும் கவனிக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டு எங்களுக்கும் ஒன்று செய்து கொடுங்கள் என்று கேட்டு, அதற்குப் பணம் வாங்கத் தொடங்கினால், ஸ்கெட்ச்அப், ஆன்ஷேப் ஆகியவற்றின் இலவசப் பதிப்புகள் அதற்கு இடம் தருவதில்லை. ஃபியூஷனின் தனிநபர் உரிமமும் வணிகப் பயன்பாட்டுக்கானதல்ல. ஃப்ரீகேட்டில் வரைந்த அலமாரியை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் செய்து விற்கலாம்.