தோணாவின் கீழே குழாய் பதிப்பதாகச் சொல்லி 640,000 ரூபாயை வாங்கிச் சென்றார்கள்

கல்முனைப் பகுதியில் தோணாவுக்கு (வெள்ளம் கடலுக்கு வடியும் கரையோர நீர்நிலை) அப்பால் தண்ணீர் கொண்டுபோக நினைப்பவர்கள், யாருக்கும் காசு கொடுக்குமுன் இதை வாசியுங்கள். நேற்று முன்தினம் முகத்துவாரம் வெட்டப்பட்டு வெள்ளம் கடலுக்கு இறங்கியபோது, தோணாவின் அடிமண்ணுக்கு 3 மீட்டர் கீழே கிடப்பதாக நான் நம்பியிருந்த குழாய், நடுவில் வில்லாக வளைந்து மிதந்தது. அதற்கு நான் கொடுத்தது 640,000 ரூபாய்.

மறுகரையில் இருக்கும் அக்காவின் கிணறு உவர். எங்கள் கிணற்று நீரை அங்கே கொண்டுபோகவே, வேலை செய்வோரைத் தேடிக்கொடுக்கும் இணையத்தளம் ஒன்றின் வழியாக இந்தக் குழுவைப் பிடித்தேன். கரையில் இயந்திரத்தை நிறுத்தி, சாய்வாகத் துளைத்து, தோணாவின் அடியால் மறுகரையில் எழும்பி, துளையை அகலப்படுத்திக் குழாயைத் திருப்பி இழுப்பார்கள். மணல் சரிந்துவிடாமல் பெண்டோனைட் களிச்சேற்றைத் துளைக்குள் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். முறையில் பிழையில்லை. பெரிய ஆறுகளையே இப்படித்தான் கடக்கிறார்கள்.

நான் ஏமாந்த இடம் இதுதான். துளைமுனையில் இருக்கும் கருவியின் சமிக்ஞையை மேலிருந்து வாங்கி ஆழத்தைக் காட்டும் பெட்டியை என் கையிலேயே தந்து, "சேர், நீங்களே பாருங்கள்" என்றார் இயந்திரத்தை இயக்கியவர். திரையில் 3.1 மீட்டர் என்று இருந்தது. குழாய் இழுத்து முடிந்ததும் மிச்சக் காசையும் அன்று மாலையே அனுப்பிவிட்டேன். ஆனால் நாங்கள் நின்றது கரைமேட்டில். அங்கிருந்து அடிமண் 2.4 மீட்டர் தாழ்வு என்பதால், தோணாவின் கீழே எஞ்சியது வெறும் 70 சென்ரிமீட்டர் மண். தோணியில் போய் நடுவில் ஒரு தடவையேனும் அவர்கள் அளக்கவில்லை. சொன்ன ஆழத்தை 12 பாகைச் சாய்வில் எட்டுவதற்கு இயந்திரம் கரையிலிருந்து 25 மீட்டருக்கு மேல் பின்னால் நின்றிருக்க வேண்டும். 15 மீட்டரில்தான் நிறுத்தினார்கள். துளைக்கும்போதே தண்ணீரில் சாம்பல் நிறச் சேறு கொப்பளித்தது. கேட்டதற்குக் காற்று வெளியேறுகிறது என்றார்கள். மேல்மண் போதாமல் களிச்சேறு பீறிட்டது என்பதை இப்போதுதான் விளங்கிக்கொண்டேன். வெள்ளம் அந்த மண்ணையும் அரித்தவுடன், தண்ணீரைவிடப் பாரம் குறைந்த பொலித்தீன் குழாய் மேலே வந்துவிட்டது.

முதல் அழைப்பில் இயந்திரம் திருகோணமலையில் நிற்கிறது என்றார்கள், அடுத்ததில் சேர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள், மூன்றாவதில் வெள்ளம் இயற்கை அனர்த்தம், அதற்கு உத்தரவாதம் கிடையாது என்று துண்டித்தார்கள். இணையத்தளக்காரர்களோ, தாங்கள் இரு தரப்பையும் இணைத்துவிடுபவர்கள் மாத்திரமே என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டார்கள். 640,000 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது முகவரி இல்லாத ஒரு பற்றுச்சீட்டு. அக்கா இன்றும் குடத்தோடு பாலத்தைச் சுற்றித்தான் வருகிறார்.

ஆழத்தைக் கரையிலிருந்து அல்ல, அடிமண்ணிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். துளைக்கும்போது இறக்கும் ஒவ்வொரு தண்டுக்கும் எடுத்த ஆழக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். குழாயில் அழுத்தச் சோதனை முடிந்து, ஒரு மாரி கழியும்வரை மூன்றிலொரு பங்கையாவது கையில் வைத்திருங்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுக்க நாளை காலை போகிறேன். இதே குழுவிடம் காசு கொடுத்தவர்கள் இருந்தால் உங்கள் பற்றுச்சீட்டோடு வாருங்கள்.