காரைக்குடி பழைய மரக் கடைகள்: ‘பர்மா தேக்கு’ வாங்கப் போகிறீர்களா?
முனீஸ்வரன் கோயில் தெருவில் பிரித்த வீடுகளின் நிலைச்சட்டம், கதவு, தூண் எல்லாம் கிடைக்கும். பழைய தேக்குக்கு நம்பிப் போகலாம். ‘புது பர்மா தேக்கு’ என்று அறுத்த பலகையைக் காட்டினால் மட்டும் உஷார்.

2021 பிப்ரவரியில் பர்மாவில், அதாவது இன்றைய மியான்மரில், ராணுவம் ஆட்சியைப் பிடித்து, போராடியவர்களைச் சுட்டது. அரசு மர நிறுவனமான மியான்மா டிம்பர் எண்டர்பிரைஸ் மீது ஏப்ரலில் அமெரிக்காவும் ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டன. மர ஏலப் பணம் ராணுவத்துக்குப் போகிறது என்பதே காரணம். இந்தியா தடை போடவில்லை, அந்த மரம் நுழையும் ஓட்டை அங்கேதான். அறுக்காத உருட்டு மர ஏற்றுமதியை மியான்மரே 2014இல் நிறுத்திவிட்டது. ஆகவே இறக்குமதிச் சீட்டு கேளுங்கள், மழுப்பினால் நகருங்கள்.

பழசுக்கு அடையாளம் பொருத்துத் துளை, மர ஆணி, துருக்கறை. முகப்பை இழைத்து மெருகேற்றியிருப்பார்கள், பின்பக்கம் பொய் சொல்லாது. காந்தம் கொண்டுபோங்கள், உள்ளே ஒளிந்த ஆணி வாள் பல்லை உடைக்கும். கன அடி அளக்கும்போது வெடிப்பைக் கழிக்கச் சொல்லுங்கள்.