கூடாரம் சரி, நூடுல்ஸ் பேச்சு வேண்டாம்

மாயக் கதையுலகில் ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் ஃபேன்டஸி ரோல்பிளேயிங் கேமில் விளம்பரமே தலைகாட்டக் கூடாது என்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு கறார் இல்லை. விளம்பரம் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்றுதான் பார்ப்பேன்.

2016-ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 15-லேயே இரண்டு வழிகளைப் பார்க்கலாம். பொழுது சாய்ந்ததும் நண்பர்கள் நால்வரும் முகாம் போடுவார்கள். கூடாரத்திலும் நாற்காலியிலும் முகாம் பொருட்கள் விற்கும் கோல்மேன் நிறுவனத்தின் முத்திரை. இக்னிஸ் சமைப்பான், ப்ராம்ப்டோ அன்று எடுத்த படங்களைக் காட்டுவான், சேர்ந்த அனுபவப் புள்ளிகள் கணக்கில் ஏறும். முத்திரை கண்ணில் படத்தான் செய்யும். ஆனால் அந்த இரவின் அமைதி கலையாது. கூடாரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது.

அதே கேமில், நால்வரில் ஒருவனான கிளாடியோலஸுக்கு நிஸ்ஸின் நிறுவனத்தின் கப் நூடுல்ஸ் என்றால் உயிர். அதற்கென்றே ஒரு குவெஸ்ட், அதாவது கதைக்குள் முடிக்க வேண்டிய ஒரு பணி. இறைச்சியா, இறாலா, முட்டையா, எதைச் சேர்த்தால் ருசி கூடும் என்று தேடிப் போக வேண்டும். வழியெல்லாம் அவன் அதன் பெருமையைப் பேசுகிறான். நாட்டையும் தந்தையையும் இழந்த இளவரசனின் மெய்க்காவலன் அவன்! இதை ரசித்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கோ, அப்புறம் அவன் மனம்விட்டுப் பேசிய இடங்களில்கூட முழுசாக ஒட்டவில்லை.

2009-ல் வந்த டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் இதைவிட ஒரு படி மேலே போனது. முகாமில் லெவி டிரைடன் என்பவர் நிற்பார். தன் குலத்தின் மேல் விழுந்த பழியைத் துடைக்க உதவி கேட்பார். சரி, போகலாம் என்று மனம் இளகும்போது, அந்தக் குவெஸ்ட் தனிக் காசு கொடுத்து வாங்க வேண்டிய டிஎல்சி, அதாவது கேமோடு வராத கூடுதல் பகுதி என்று தெரியவந்தது. நூடுல்ஸாவது ருசியைப் பேசியது. இங்கே விற்பனைக்குக் கருவியானது நம் இரக்கம். இதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பேன்.

2005-ல் எவர்குவெஸ்ட் 2 என்ற ஆன்லைன் கேம் செய்ததை அன்று பலர் கிண்டலடித்தார்கள். சாட்டில் சாய்கோடு போட்டு 'பீட்சா' என்று ஆங்கிலத்தில் தட்டினால் பீட்சா ஹட்டின் ஆர்டர் பக்கம் திறந்தது. பசித்தது விளையாடுகிறவருக்கு, கேமுக்குள் அவர் ஆட்டுவிக்கும் எல்ஃப் கேரக்டருக்கு இல்லை. எந்தக் கேரக்டரும் பீட்சாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேண்டாதவருக்கு அப்படி ஒரு கட்டளை இருப்பதே தெரியாது. என் கணக்கில் கோல்மேன் கூடாரத்துக்கும் முன்னால் நிற்பது இதுதான்.

மொபைல் கேம்களில் 30 விநாடி வீடியோ பார்த்தால் பரிசு தருவதும் நாமே பட்டனை அழுத்துவதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் சில மாதம் ஆடிய ஒன்றில், பாதாளத்தின் கடைசி அறையில் என் வீராங்கனை விழுந்தால், எழுப்ப வீடியோ பார்க்க வேண்டும். நாளாக ஆக, அந்த அறையில் அவள் விழுவதே வீடியோவுக்காகத்தானோ என்று தோன்ற ஆரம்பித்தது. அன்றே கேமை நீக்கிவிட்டேன்.