ரைஃபிள் கரி: மண்ணெண்ணெயா, அல்ட்ராசோனிக்கா, ஊறவைக்கும் எண்ணெயா?

.22 அளவு ரைஃபிளோடு பயிற்சிக்குப் போகிறவர்கள், சுட்டபின் உள்ளே படியும் கரியை எடுக்கப் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும், அல்ட்ராசோனிக் தொட்டி, அல்லது துப்பாக்கிக்கென்றே வருகிற எண்ணெயில் ஊறவைத்து நிதானமாகத் தேய்ப்பது. நான் மூன்றாவதில் நின்றுவிட்டேன். வேகத்தில் கடைசி இடம் அதற்குத்தான். ஆனாலும் அதையே சொல்வேன்.

எல்லாக் கரியும் ஒன்றல்ல. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட்டின் முகத்திலும், சுட்ட உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியிலும் படிவது மெழுகு கலந்த மெத்தென்ற புகைக்கரி. துணி பட்டாலே பாதி வந்துவிடும். தொல்லை கொடுப்பது, தோட்டா உட்காரும் அறையான சேம்பர் முடியும் இடத்தில், தோட்டா உறையின் வாய்க்குச் சற்று முன்னால் உருவாகும் கரி வளையம். .22 தோட்டாவின் ஈயம், மெழுகு, தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமர் கலவையில் இருக்கும் கண்ணாடித்தூள் எல்லாம் சூட்டில் வெந்து இறுகிப்போகும். தோட்டா உள்ளே போக முரண்டு பிடித்தாலோ, காரணமே இல்லாமல் குண்டுகள் குறியில் ஒரே இடத்தில் விழாமல் சிதறினாலோ முதலில் அங்கே பாருங்கள். இப்படி இறுகிய கரி எந்தத் திரவத்திலும் சர்க்கரை மாதிரி கரையாது. திரவம் இடுக்கில் புகுந்து பிடியைத் தளர்த்தும், அவ்வளவுதான். பிறகு தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் மெழுகையும் புதுக் கரியையும் நன்றாக எடுக்கும், வளையத்திடம் தோற்கும். ரேஷன் நீல எண்ணெய் வேண்டாம், வெள்ளை மண்ணெண்ணெய் போதும். கார்புரேட்டர் ஸ்பிரே அதைவிட வேகம். ஆனால் ஸ்டாக் எனும் மரக்கட்டையின் வார்னிஷில் பட்டால் அதையும் சேர்த்து எடுத்துவிடும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அல்ட்ராசோனிக் கோவைக்காரருக்குப் புதிதல்ல. நகைப் பட்டறையில் பார்த்திருப்பீர்கள், இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் ஒர்க்‌ஷாப்பிலும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான தொட்டிகள் 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் அதிர்ந்து, நுண்குமிழிகளை உருவாக்கி உடைத்து, பிரஷ் எட்டாத இடுக்கிலிருந்தும் கரியைப் பெயர்த்துவிடும். "அஞ்சே நிமிசமுங்க, பளபளன்னு ஆயிரும்" என்று எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் சொல்வார். பொய்யில்லை. ஆனால் போல்ட்டைக் கொண்டுபோய் அவரிடம் விட்டுவிட்டு வர முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் சேர்த்திதான். ஆகவே தொட்டி வீட்டிலேயே இருக்க வேண்டும். போல்ட்டுக்கு மட்டுமே அதன் வேலையைப் பார்த்திருக்கிறேன், குண்டு பாயும் குழலான பேரல் விஷயத்தில் என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம். டிரிகர் பகுதியை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள், உள்ளிருக்கும் கிரீஸ் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். ஈயம் கலந்த அந்த அழுக்குத் தண்ணீரைத் தென்னை மரத்தடியிலோ கிணற்றடியிலோ கொட்டவும் கூடாது.

இனி நான் முடிவெடுத்த காரணம். கரி போன பிறகு இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். துப்பாக்கி இரும்பைக் கருநீலமாக்கும் ப்ளூயிங் என்பது பெயின்ட் மாதிரி மூடி நிற்கும் பூச்சு அல்ல. இரும்பின் மேலேயே உண்டாக்கிய மெல்லிய ஆக்சைடு படலம், அதில் நுண்துளைகள் உண்டு. அந்தத் துளைகளில் எண்ணெய் தங்கியிருக்கும் வரைதான் துருவைத் தடுக்கும். அல்ட்ராசோனிக்கும் ஸ்பிரேயும் கரியோடு சேர்த்து அந்த எண்ணெயையும் ஒட்ட உறிஞ்சிவிடுகின்றன. மண்ணெண்ணெய் ஏதோ கொஞ்சம் படலம் விட்டாலும் அது காவலுக்கு ஆகாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, கோவைப் பக்கம் ஈரத்தைக் கொட்டுகிறது. அந்த நேரத்தில் எண்ணெய் இல்லாத போல்ட்டை வெறும் கையால் எடுத்து மாட்டினால், மறுவாரம் விரல் ரேகை செம்பழுப்பாகத் தெரியும். காங்கேயம், தாராபுரம் பக்கம் மழை குறைவு, அங்கே இருப்பவர்கள் இதற்கு இவ்வளவு பயப்படத் தேவையில்லை.

ஊறவைக்கும் எண்ணெயில் இந்தத் தலைவலி குறைவு. கரியைத் தளர்த்திய அதே எண்ணெய் துருவுக்கும் காவலாக நின்றுவிடுகிறது. சுத்தம், உயவு, பாதுகாப்பு மூன்றுக்கும் ஒன்றே என்று விற்கும் சிஎல்பி வகை எதுவானாலும் சரி. துப்பாக்கி காலிதானா என்று பார்த்து, போல்ட்டைக் கழற்றியபின், எண்ணெயில் நனைத்த பிரஷ்ஷைப் பின்புறமிருந்து சேம்பருக்குள் விட்டு, கரி வளையம் இருக்கும் இடத்தில் கால்மணி நேரம் அப்படியே விடுங்கள். அப்புறம் வெண்கலப் பிரஷ்ஷைக் கையாலேயே சுற்றுங்கள். இரும்பு ஸ்கிரேப்பர் கொண்டு சுரண்டினால் சேம்பரில் கீறல் விழும், அந்தக் கீறலில் அடுத்த கரி இன்னும் இறுக்கமாக உட்காரும். எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குத் தென்னை ஈர்க்குச்சியைச் சீவி எடுத்தால் போதும், கரியைக் கிளறும், இரும்பைத் தொடாது. துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட். அதில் பருத்தித் துணியாகப் பொறுக்கிச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வருவது ஈயமும் சேர்ந்த கரி.

எங்கள் அப்பாரு தோட்டத்துத் துப்பாக்கிக்குத் தேங்காயெண்ணெய்தான் போடுவாராம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழி விடிகாலையில் நம் வீட்டுப் பாட்டிலில் பார்ப்பதுதான். தோட்டாவை முட்டி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் குழலில் அப்படி உறைந்தால் ஊசி மெதுவாகத்தான் முட்டும், தோட்டா வெடிக்காமல் போகலாம். சிஎல்பி அப்படி உறையாது என்றாலும் அந்தக் குழலில் அதையும் ஊற்றி வைக்காதீர்கள். அதேபோல, சுடப் போகும் முன் பேரலுக்குள் காய்ந்த துணி ஒன்றை ஓட்டிவிட வேண்டும், இல்லையென்றால் முதல் குண்டு எங்கோ போகும்.

இந்த எண்ணெய்க்கும் எட்டாதது உண்டு. .315 மாதிரி செம்புறை போட்ட குண்டு சுடுகிறவர்களுக்குப் பேரலில் செம்பும் படியும். அதற்கு அம்மோனியா கலந்த திரவம் தனியாக வேண்டும், அந்தத் திரவமோ கரியைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. என் அனுபவம் .22-இல்தான் என்பதால் .315 பற்றி இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பல வருடம் துடைக்காமல் கிடந்த பழைய போல்ட் ஒன்று கைக்கு வந்தால் மட்டும் நானும் அல்ட்ராசோனிக்கைத்தான் தேடுவேன், ஒரே ஒரு தடவை. தொட்டியிலிருந்து எடுத்ததும் ஹேர் டிரையரில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூசிவிட வேண்டும்.