கோல்ஃப் சப்பாத்துக்கு முள்ளு மாத்தின கதை (2 வருசம் போட்டதுக்குப் பிறகு)

தம்பி ஒருத்தன் கேட்டிருந்தான், "அண்ண, மாமி கனடாவில இருந்து கோல்ஃப் சப்பாத்து ஒண்டு அனுப்பியிருக்கா, அடி முள்ளெல்லாம் தேஞ்சு கிடக்கு, எறியிறதா வெச்சிருக்கிறதா" எண்டு. எறிஞ்சிராத மனே, ஆனா என்ர கதையக் கேட்டிட்டு முடிவெடு.

எனக்கு கோல்ஃப் தெரியா. கிட்டடியில கோல்ஃப் மைதானம் எண்டா திருகோணமலை சீனக்குடாவில விமானப்படைக்காரர்ரதுதான், அதுக்குள்ள நான் போனதுமில்ல. என்ர சப்பாத்து சித்தப்பா பார்சல் பெட்டிக்குள்ள சொக்லட்டுக்கும் ஷம்பூவுக்கும் நடுவுல திணிச்சு அனுப்பினது. நான் போடுறது சொப்ட்போல் கிரிக்கெட்டுக்கு. மார்கழி மழைக்குள்ள மட்டக்களப்புக் கல்லடியில பீல்டிங் செஞ்சவனுக்குத் தெரியும், நனைஞ்ச புல்லுல பந்துக்கு ஓடினா பந்து ஒரு பக்கம் நாம ஒரு பக்கம். இதப் போட்டா நினைச்ச இடத்தில நிக்கலாம். இரும்பு முள்ளெண்டா பிட்ச்சில விரிக்கிற மெற்றிங் கிழியும் எண்டு இறங்கவே விடமாட்டானுகள், இது பிளாஸ்டிக், ஒருத்தனும் வாய் திறக்கல்ல. கோல்ஃப்லயும் அதே கதைதானாம், இரும்பு முள்ளு புல்லக் குத்திக் கிழிக்குது எண்டுதான் 90கள்ல பிளாஸ்டிக்குக்கு மாறினவங்க.

சரி, முள்ளு மாத்துற கதைக்கு வாறன். 15, 20 ரவுண்டுக்கு (ஒரு ரவுண்டெண்டா 18 குழி ஆட்டம்) ஒருக்கா மாத்தச் சொல்றாங்க, நான் 2 வருசம் இழுத்தன், அதுவும் கிரவுண்டுக்கு வெளிய தார் ரோட்டில அதோடயே தேத்தண்ணிக் கடைக்குப் போய் வந்து. பிழை என்ரதான். டவுண்ல ஒரு கடையில கேட்டா புட்போல் பூட்ஸ் ஸ்டட்டத் தூக்கிக் காட்டுறார். ஒன்லைன்ல எடுத்தன், 3 கிழமையால வந்த பக்கெட்டப் பிரிச்சுப் பாத்தா பொருந்தல்ல! இந்த முள்ளுக்குப் பூட்டு பல வகை, பழைய சப்பாத்தில இரும்பு மரை, பிறகு வந்ததுல கியூ-லொக், ஃபாஸ்ட் ட்விஸ்ட் எண்டு ஒண்டுக்கு ஒண்டு சேராது. என்ர ஃபாஸ்ட் ட்விஸ்ட், வந்தது கியூ-லொக். ஓடர் போட முதல் பழசு ஒண்டக் கழட்டிப் பாக்காத என்னையே ஏசிக்கொண்டு திரும்பவும் காசு கட்டினன்.

ரெண்டு பல்லு வெச்ச ரென்ச் ஒண்டு இருக்கு, முள்ளில இருக்கிற ரெண்டு ஓட்டைக்குள்ள குடுத்து இடப்பக்கம் திருகினா கழண்டிரும். 13 முள்ளு கழண்டது, பத்து நிமிசம் கூட ஆகல்ல, புதுச ஏத்தும்போது 'டிக்' எண்டு பூட்டுற சத்தம் கேக்க அப்பிடி ஒரு சந்தோசம். 14ஆவது, இடது குதிக்காலுக்குள்ளது, அசையல்ல. கல்லடிக் கடற்கரை மண் உள்ள போய் இறுகிப் போச்சு. சுடுதண்ணி, சவர்க்காரம், பழைய பல்லுப் பிரஷ், குறடு, எல்லாம் பாத்தன், ரெண்டு ஓட்டையும் வழுவழு எண்டு ஆனதுதான் மிச்சம். கடைசியா பக்கத்து வீட்டு மேசன் அண்ணன் சின்ன ட்ரில்லால ஓட்டைய ஆழமாக்கித் தந்தார், ரென்ச் பிடிச்சிது, கழண்டிச்சு. ஆனா உள்ளுக்குப் பூட்டு ஒரு ஓரம் உடைஞ்சிருக்கு, புது முள்ளு நாலு ஓவர்ல எங்கயோ விழுந்திட்டு. இன்னொண்டு போட்டன், இப்பவும் லூஸ். ஒவ்வொரு ஓவர் முடிவிலயும் குனிஞ்சு குதிக்கால் பாக்கிற ஒரே பீல்டர் நான்தான், பெடியனுகள் பேரும் வெச்சிட்டானுகள், அத இஞ்ச எழுத ஏலா.

அதனால சொல்றன், காசு குடுத்து இதெல்லாம் வாங்காத, இஞ்சத்த மண்ணுக்கும் உப்புக் காத்துக்கும் சரிவராது. நான் சித்தப்பாக்கு அடுத்த சோடி சொல்லிட்டன், அது வேற கதை.

18 முள்ளு வந்த ஃபாஸ்ட் ட்விஸ்ட் பக்கெட்டில 3 மிச்சம் கிடக்கு. முதல்ல உன்ர சப்பாத்தில ஒண்டக் கழட்டிக்கொண்டு வா. கியூ-லொக் எண்டா முழுப் பக்கெட்டாவே பிரிச்சபடி கிடக்கு, எடுத்துக்கொண்டு போ.