எஸ்ஸில் தொடங்கும் ஐந்தெழுத்துச் சொற்கள்: வேர்டிலின் முதல் வரிக்கு எது?

வேர்டில் என்பது ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வரிக்குள் கண்டுபிடிக்கும் ஆட்டம்: எழுத்து சரியான இடத்தில் இருந்தால் கட்டம் பச்சை, வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், சொல்லிலேயே இல்லாவிட்டால் சாம்பல். ஜோஷ் வார்டில் 2021-இல் பொதுவில் விட்ட இந்த ஆட்டத்தின் விடைப்பட்டியலில் 2,315 சொற்கள் இருந்தன. அவற்றில் 366 சொற்கள் எஸ்ஸில் தொடங்குபவை. அடுத்த இடத்தில் இருக்கும் சி 198-தான். முதல் வரியை எஸ்ஸில் தொடங்க இந்த ஒரு கணக்கே போதும். 2022-இல் ஆட்டம் நியூயார்க் டைம்ஸ் கைக்குப் போனபின் சில சொற்கள் கழன்றன. கீழே வரும் எண்களெல்லாம் பழைய பட்டியலின்படி.

எஸ்ஸைக் கடைசியில் வைப்பது வீண். பன்மைக்காக எஸ் ஒட்டிய சொற்கள் விடையாக வருவதில்லை என்பதால் எஸ்ஸில் முடியும் விடைகள் 36 மட்டுமே. கிராஸ், ஃபோகஸ், வைரஸ் போன்றவை அவை.

தமிழில் எழுதும்போது ஒரு தொல்லை உண்டு: டேபிளின் டியும் டாக்டரின் டியும் ஒன்றாகிவிடும். இங்கே டி என்றால் டேபிளின் டி. மற்றது வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரே எழுத்துக் கூட்டத்தைப் பார்க்கலாம். எஸ், எல், ஏ, டி, ஈ என்ற ஐந்தையும் மாற்றி அடுக்கினால் ஸ்லேட், ஸ்டேல், ஸ்டீல் (திருட்டு, இரும்பு அல்ல), ஸாலெட் உள்ளிட்ட சொற்கள் கிடைக்கும்; இங்கே இந்த நான்கு போதும். எழுத்து ஒன்றே என்பதால் ஐந்தும் சாம்பலாகும் வாய்ப்பு நான்குக்கும் ஒன்றுதான்: அப்போது 221 சொற்கள் மிஞ்சும். பச்சையும் மஞ்சளும் எப்படிப் பிரிகின்றன என்பதில்தான் வேறுபாடு.

ஸ்லேட்டில் ஈ கடைசியில் நிற்கிறது. ஈ கடைசியில் வரும் விடைகள் 424; அந்த எழுத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஏ நடுவில் 307, எல் இரண்டாமிடத்தில் 201. கூட்டிப் பார்த்தால் 100 ஆட்டத்துக்குச் சராசரியாக 62 பச்சைக் கட்டங்கள். ஸாலெட்டும் ஸ்டேலும் 58 தரும். ஸ்டீல் 41-இல் நின்றுவிடும்; ஈ, ஏ, எல் மூன்றும் இடம் தவறி நிற்பதே காரணம். அதை விட்டுவிடலாம்.

பச்சை குறைந்தும் ஸாலெட்டை ஏன் கொண்டாடுகிறார்கள்? எம்.ஐ.டி.யின் பெர்ட்சிமாஸும் பாஸ்கோவும் எல்லா வழிகளையும் கணக்கிட்டு, ஸாலெட்டில் தொடங்கினால் சராசரி 3.421 முயற்சி, எந்த விடையும் ஐந்து வரிக்குள் என்று நிறுவினார்கள். டி கடைசியில் 253 விடைகளில் வருகிறது, நான்காமிடத்தில் 139-இல்தான். ஆகவே ஸாலெட்டில் டி பச்சையானாலும் மஞ்சளானாலும் உருப்படியான சேதி கிடைக்கும். ஆனால் அந்தச் சராசரி, பின்வரும் ஒவ்வொரு வரியையும் பிழையில்லாமல் போடும் கணினிக்கு. ஸ்லேட்டுக்கும் அது 3.42-தான், வேறுபாடு மூன்றாம் தசம இடத்தில். மேலும் ஸாலெட் என்பது பழைய ஐரோப்பியத் தலைக்கவசம், விடைப்பட்டியலில் இல்லை. முதல் வரியிலேயே வெல்லும் அந்த அபூர்வ நாள் அதற்குக் கிடையாது. மனிதர் ஆட ஸ்லேட்டே மேல் என்பது என் கட்சி.

எல் எழுத்தை எடுத்துவிட்டு ஆர் வைத்தால் ஸ்டேர் (உற்றுப் பார்ப்பது, மாடிப்படி அல்ல). ஆர் மொத்தம் 899 முறை வருகிறது, எல் 719. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டாமிடத்தில் டி வருவது 77 விடைகளில் மட்டும், ஆகவே பச்சை 57-ஆகக் குறைகிறது. டிக்குப் பதில் ஓ சேர்த்து எஸ்-ஓ-ஏ-ஆர்-ஈ என்று அடுக்கினால் 66 பச்சை. மிஞ்சும் சொற்களும் சராசரியாக 62 ஆகும். ஸ்லேட்டுக்கு 71-க்குச் சற்று மேல். முதல் வரியோடு கணக்கை முடித்தால் எஸ் சொற்களில் இதுவே முதலிடம். ஆனால் டி, எல், என் எதையும் தொடாமல் மூன்று உயிரெழுத்துகளைச் செலவழித்திருப்பீர்கள். இதுவும் விடையாக வராத சொல். செயின்ட் (எஸ்-ஏ-ஐ-என்-டி)? ஈ இல்லாத முதல் வரி எதற்கு.

ஸ்லேட் முழுக்கச் சாம்பலானால் யோசிக்காமல் க்ரோனி போடுங்கள்: சி, ஆர், ஓ, என், ஒய்.

சிக்கல் வருவது, எஸ், ஏ, ஈ மூன்றும் பச்சையாகி எல், டி சாம்பலாகும்போது. ஷேர், ஷேட் (டாக்டரின் டி), ஷேக், ஷேம், ஷேப், ஷேவ், ஸ்கேர், ஸ்னேர், ஸ்னேக், ஸ்பேஸ், ஸ்பேட் (இதிலும் அதே டி), ஸ்பேர், ஸ்வாவ் என 13 சொற்கள் வரிசையில் நிற்கும். சாதாரண ஆட்டத்தில் இரண்டாம் வரியில் சம்ப் (சி-ஹெச்-யூ-எம்-பி) போட்டால் போதும்: 13-உம் எட்டுக் குழுவாகப் பிரியும், எந்தக் குழுவிலும் நான்குக்கு மேல் இராது.

கிடைத்த குறிப்புகளை அடுத்த வரிகளிலும் பயன்படுத்தியே தீரவேண்டிய ஹார்ட் மோடில் அது செல்லாது. பச்சையை அசைக்க முடியாது. பலரும் இங்கே ஷேர் போடுவார்கள். ஹெச் பச்சையாகி ஆர் சாம்பலானால் ஷேட், ஷேக், ஷேம், ஷேப், ஷேவ் என்று ஐந்து மிஞ்சும், வரியோ நான்கு. ஒன்றொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை, தோற்கவும் கூடும். ஹெச்சைத் தள்ளிப்போடுவதே தப்பிக்கும் வழி. இரண்டாம் வரியில் ஸ்பேட் (டாக்டரின் டி) போட்டால் பியும் அந்த டியும் உள்ள சொற்கள் பிரிந்துவிடும். இரண்டும் சாம்பலானால் எட்டு மிஞ்சும். மூன்றாம் வரி ஸ்னேக். அதிலும் என், கே இரண்டும் சாம்பலானால் மிஞ்சுவது ஐந்து. நான்காம் வரியில்தான் ஷேர். அதன்பின் ஆர் மட்டும் பச்சையானால் ஸ்கேர், ஹெச்சும் ஆரும் சாம்பலானால் ஸ்வாவ், ஹெச் மட்டும் பச்சையானால் ஷேமும் ஷேவும். கையில் இன்னும் இரண்டு வரி இருக்கும்.