தேங்காய் நார் ஸ்க்ரப்பரா, பீர்க்கங்கூடா?

பாத்திரம் தேய்க்க கடையில விக்கிற மஞ்சள்-பச்சை ஸ்பாஞ்ச் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், மஞ்சள் பக்கம் பெரும்பாலும் பாலியூரித்தேன், பச்சை பக்கம் பெரும்பாலும் நைலான் இல்லனா பாலியெஸ்டர். அதை விட்டுட்டு மாறணும்னா நம்ம ஊர்ல சுலபமா கிடைக்கிறது தேங்காய் நார் ஸ்க்ரப்பரும் பீர்க்கங்கூடும் (முத்திக் காஞ்ச பீர்க்கங்காயோட உள்கூடு)தான்.

அடிப்பிடிச்ச பால் குக்கர், மீன் வறுத்த இரும்பு தோசைக்கல் இதுக்கெல்லாம் நார்தான், பீர்க்கங்கூடு கிட்டவே வர முடியாது. ஆனா நான்ஸ்டிக்ல நாரை வச்சீங்கன்னா கோட்டிங் காலி. புதுசுல கொஞ்ச நாள் பழுப்புத் தண்ணி விடும், சிங்க்ல துணுக்கு துணுக்கா கொட்டும், சல்லடை போடலனா அடைச்சுக்கும், அதுக்கப்புறம் சரியாயிடும். வாங்குறப்ப நடுவுல நைலான் நூல், பசை ஏதாவது இருக்கான்னு திருப்பிப் பாருங்க, பல பேர் அதைக் கவனிக்கிறதே இல்ல.

பீர்க்கங்கூடு காஞ்சிருக்கும்போது கட்டை மாதிரி இருக்கும், தண்ணில போட்டதும் ஊறி மெத்துனு ஆயிடும், டம்ளர், கண்ணாடி, டிபன் பாக்ஸ்னு எல்லாத்துக்கும் செட் ஆகும். நுரையும் நாரை விட நல்லா வரும். பிரச்சனை என்னன்னா சாதப்பருக்கை ஓட்டைக்குள்ள போய் உக்காந்துக்கும், பிழிஞ்சு வெயில்ல போடலனா நாத்தம் குடலைப் புடுங்கும். மாடில கொடி இருந்தா காசே வேணாம், முத்தி காய விட்டு தோலை உரிச்சு விதையைத் தட்டிட்டா முடிஞ்சுது.

உழைக்கிறது நார்தான், லிக்னின் (செடிநாருக்கு உறுதி தர்ற பொருள்) ஜாஸ்தி, சீக்கிரம் மக்காது. ஒண்ணுதான் வாங்குவேன்னா நார் வாங்குங்க, வீட்ல நான்ஸ்டிக் நிறைய இருந்தா மட்டும் பீர்க்கங்கூடு.